முப்பது புள்ளிகளைக் கழித்தால் என்ன ஆகும்?

88-லிருந்து 30 போனால் 58. 74-லிருந்து 30 போனால் 44. மூன்றாம் வகுப்புச் சிறுவனும் நொடியில் சொல்லிவிடக்கூடிய கணக்குகள் இவை. ஆனால் 2006-ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலி நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் பற்றித்தான் காப்பிக் கடைகளிலும் வீடுகளிலும் ஓயாமல் சண்டையிட்டார்கள். அவர்கள் விடையை மறுக்கவில்லை. அந்த விடை நியாயமானதுதானா என்று கேட்டார்கள். அவர்களுடைய சண்டைக்குள் கொஞ்சம் கணிதமும் கொஞ்சம் அறிவியலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேடிப் பார்ப்போமா?

நடந்தது என்ன?

முதலில் ஆட்டத்தின் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியின் முதல் பிரிவில் 20 கால்பந்துக் கழகங்கள் உண்டு. ஒவ்வொரு கழகமும் மற்ற 19 கழகங்களுடன் இரண்டு முறை மோதும். ஆகவே ஓர் ஆண்டில் ஒரு கழகத்திற்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமனானால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி பெற்ற கழகத்திற்குப் பட்டம். அக்காலத்தில் முதல் நான்கு கழகங்களுக்கு, ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குள் நுழைய வழி கிடைத்தது. கடைசி மூன்று கழகங்கள் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. இரண்டாம் பிரிவுக்குப் போனால் வருமானம் சரியும். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கழகங்களைத் தேடிப் போய்விடுவார்கள்.

2006 மே மாதம், ஒட்டுக் கேட்கப்பட்ட சில தொலைபேசி உரையாடல்கள் இத்தாலியப் பத்திரிகைகளில் வெளியாயின. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று நியமிக்கும் அதிகாரிகளோடு, யுவென்டஸ் கழகத்தின் பொது மேலாளர் அடிக்கடி பேசியிருந்தார். உங்கள் விடைத்தாளைத் திருத்தப் போகும் ஆசிரியர் யார் என்பதை, உங்கள் வீட்டார் தேர்வு அதிகாரியோடு பேசி முடிவு செய்தால் எப்படி இருக்கும்? அது போன்ற குற்றச்சாட்டு இது. ஏ.சி. மிலான், ஃபியோரென்டினா, லாசியோ ஆகிய கழகங்களும் விசாரணைக்கு உள்ளாயின. ரெஜினா என்ற சிறிய கழகம் பின்னர் தனியாக விசாரிக்கப்பட்டது.

ஜூலை 9 அன்று பெர்லின் நகரில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. ஐந்தே நாளில், ஜூலை 14 அன்று, விளையாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கும் அடுத்த ஆண்டை 30 புள்ளி கழிவோடு தொடங்க வேண்டும். அதன் 2004-05, 2005-06 பட்டங்கள் பறிபோயின. பொது மேலாளருக்கு ஐந்தாண்டுத் தடை. ஃபியோரென்டினாவும் லாசியோவும்கூட இரண்டாம் பிரிவுக்குப் போக வேண்டும் என்றது தீர்ப்பு. மிலான் முதல் பிரிவிலேயே நீடிக்கலாம். ஆனால் முடிந்துபோன ஆண்டின் புள்ளிகளில் 44 கழிக்கப்படும். அடுத்த ஆண்டுக்கும் 15 கழிவு உண்டு.

மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. யுவென்டஸின் 30 புள்ளிக் கழிவு முதலில் 17 ஆகி, கடைசியில் 9 ஆனது. ஃபியோரென்டினாவும் லாசியோவும் முதல் பிரிவிலேயே தங்கின. மிலானின் 44, 30 ஆகச் சுருங்கியது.

ரசிகர்கள் மூன்று கட்சி

ரசிகர்களின் வாதங்களை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி சொன்னது: "தவறு செய்தவர்கள் சில அதிகாரிகள். அவர்களைத் தண்டியுங்கள். களத்தில் ஓடி வியர்வை சிந்திய ஆட்டக்காரரும், சீட்டு வாங்கிப் பார்த்த ரசிகரும் என்ன குற்றம் செய்தார்கள்?"

இரண்டாம் கட்சி மறுத்தது: "அந்த அதிகாரிகள் யாருக்காகச் செய்தார்கள்? கழகத்துக்காகத்தானே? பட்டமும் பணமும் கழகத்துக்குத்தானே வந்தன? ஆளை மட்டும் அனுப்பிவிட்டுப் பலனைக் கழகமே வைத்துக்கொண்டால், நாளை வேறோர் ஆள் அதே வேலையைச் செய்வான்."

மூன்றாம் கட்சி கேட்டது: "தண்டனை வேண்டும்தான். ஆனால் ஏன் 30? ஏன் 17? ஏன் 9? எந்த அளவுகோலால் அளந்தீர்கள்?"

மூன்று கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவது கேள்வியை நாம் பென்சிலும் தாளும் கொண்டே ஆராயலாம்.

ஒரே அளவு, வேறு விளைவு

ஒரு வகுப்பில் அனைவருக்கும் 10 மதிப்பெண் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. 90 வாங்கியவன் 80-க்கு இறங்குவான், அவனுக்குக் கவலையில்லை. 40 வாங்கியவன் 30-க்கு இறங்குவான். அவன் தேர்வில் தோற்றுவிட்டான். குறைத்த அளவு ஒன்றுதான். ஆனால் ஒருவன் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான், மற்றவன் விழவில்லை.

இயற்கையிலும் இதைப் பார்க்கிறோம். 40 டிகிரி செல்சியஸில் உள்ள நீரைப் 10 டிகிரி குளிர்வியுங்கள். அது நீராகவே இருக்கும். 5 டிகிரியில் உள்ள நீரை அதே 10 டிகிரி குளிர்வித்தால் பனிக்கட்டியாகிவிடும். இங்கே எல்லைக் கோடு சுழி டிகிரி.

இனி இத்தாலிக்குத் திரும்புவோம். 2005-06 ஆட்ட ஆண்டில் மிலான் பெற்றது 88 புள்ளி, ஃபியோரென்டினா 74. மேல்முறையீட்டில் இரண்டுக்கும் 30 புள்ளி கழிக்கப்பட்டது. மிலானுக்கு மிஞ்சியது 58, ஃபியோரென்டினாவுக்கு 44. திருத்திய பட்டியலில் நான்காம் இடத்துக்குரிய புள்ளி 54. மிலான் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. மூன்றாம் இடம் பெற்றுச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் நுழைந்தது. ஃபியோரென்டினா கோட்டுக்குக் கீழே விழுந்தது. அந்த வாய்ப்பை இழந்தது.

முதல் தீர்ப்பின்படி மிலானுக்கு 44 புள்ளி கழித்திருந்தால்? 88-லிருந்து 44 போனால் 44. அதுவும் ஃபியோரென்டினாவைப் போலக் கோட்டுக்குக் கீழேதான் நின்றிருக்கும். ஆனால் தகுதிச் சுற்றில் நுழைந்த மிலான் அதைக் கடந்தது. 2007 மே 23 அன்று ஏதென்ஸ் நகரில் லிவர்பூல் கழகத்தை 2-1 என்று வென்று ஐரோப்பியப் பட்டத்தையே கைப்பற்றியது! தண்டனை பெற்ற கழகம் பத்தே மாதத்தில் ஐரோப்பாவின் முதல்வன். எதிர்க் கட்சி ரசிகர்களுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

குற்றமற்ற கியேவோ

வெரோனா நகரத்தின் புறப்பகுதி ஒன்றின் பெயர் கியேவோ. அந்தப் பெயரைத் தாங்கிய சிறு கழகம் ஒன்று அப்போது முதல் பிரிவில் ஆடியது. இந்த வழக்கில் அதன் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 2005-06-இல் களத்தில் அது பெற்ற இடம் ஏழு. மேலே இருந்த கழகங்கள் தண்டிக்கப்படவே அது நான்காம் இடத்துக்கு உயர்ந்தது. அதிர்ஷ்டம் அடித்தது என்று மகிழ்ந்தார்கள் அதன் ரசிகர்கள். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோபியா கழகத்திடம் தோற்றதோடு அந்த மகிழ்ச்சி முடிந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ரெஜினா கழகத்துக்கு முதலில் விதித்த கழிவு 15 புள்ளி. பின்னர் அது 11 ஆகக் குறைக்கப்பட்டது. 2006-07 ஆண்டில் ரெஜினா களத்தில் ஈட்டியது 51 புள்ளி. 11 போக மிஞ்சியது 40. கியேவோ பெற்றது 39. கடைசி மூன்று இடங்களில் ஒன்று கியேவோவுக்கு! ஒரே ஒரு புள்ளியில் அது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

ரெஜினாவின் கழிவு 15 ஆகவே இருந்திருந்தால் அதற்கு 36 புள்ளிதான். அப்போது ரெஜினா கீழே போயிருக்கும், கியேவோ பிழைத்திருக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஒரு கழகத்துக்குக் காட்டிய நான்கு புள்ளிச் சலுகை, குற்றமற்ற இன்னொரு கழகத்தின் மீது விழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "அப்படி இருந்தால் இப்படி ஆகியிருக்கும்" என்னும் கணக்கு, மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தன என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கழிவு 15 ஆக இருந்தால் ரெஜினா ஆட்டக்காரர்கள் இன்னும் மூர்க்கமாக ஆடியிருக்கலாம், மனமுடைந்தும் போயிருக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனையைப் போல இதைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. ஆயினும் ஒன்று உறுதி. புள்ளிப் பட்டியல் ஒரு தராசு. ஒரு தட்டில் எடை குறைந்தால் மறு தட்டு அசையாமல் இருக்காது.

ஒரு பழைய புத்தகம்

இரண்டாம் கட்சியின் கவலை நினைவிருக்கிறதா? நாளை வேறோர் ஆள் அதே வேலையைச் செய்வான் என்பது அது. அவனைத் தடுப்பது எப்படி? கடுமையான தண்டனையா?

மிலான் நகரைச் சேர்ந்த சேசரே பெக்காரியா என்ற அறிஞர் 1764-ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து 'குற்றங்களும் தண்டனைகளும்' பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தண்டனையின் கொடுமையை விட, அது நிச்சயமாக வரும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் முடிவு.

இதைக் கணக்காக எழுதலாம். பிடிபட்டால் 30 புள்ளி கழிவு. ஆனால் பத்தில் ஒரு முறைதான் பிடிபடுவார்கள் என்று கொள்வோம். சராசரி இழப்பு 30-ஐப் 10-ஆல் வகுத்தால் 3 புள்ளி. இன்னொரு நாட்டில் 9 புள்ளிதான் கழிவு. ஆனால் இரண்டில் ஒரு முறை பிடிபடுவார்கள். சராசரி இழப்பு நாலரைப் புள்ளி. சிறிய தண்டனைக்கே ஏமாற்றுக்காரன் அதிகம் அஞ்சுவான்!

பெக்காரியா இன்னொன்றும் சொன்னார். குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்யும் தண்டனையை அவர் எதிர்த்தார். அது குற்றமற்ற குடும்பத்தாரை வாட்டும் என்பதே காரணம். நம் முதல் கட்சி ரசிகர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான் அல்லவா? யுவென்டஸ் கீழே தள்ளப்பட்டபோது கன்னவாரோ, இப்ராஹிமோவிச் போன்ற புகழ்மிக்க ஆட்டக்காரர்கள் வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். புஃபோன், டெல் பியரோ, நெட்வெட் முதலியோர் தங்கி இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். ரசிகர்களோ எங்கும் போக முடியாது. கழகத்தை மாற்றிக்கொள்ளும் ரசிகர் உண்டா?

தண்டனை இல்லாத தீர்வு

சில வேளை, தண்டிப்பதை விட ஆட்டத்தின் ஏற்பாட்டை மாற்றுவதே சிறந்த வழியாக அமைகிறது. 1982-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், ஸ்பெயின் நாட்டு ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே குழுவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. ஆகவே ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் ஐரோப்பிய அணிகள் இரண்டுமே முன்னேறும். அல்ஜீரியா வெளியேறும் என்பது ஆடுவோர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்தாம் நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தை இங்கும் அங்கும் உருட்டி நேரத்தைக் கடத்தின. அல்ஜீரியா முறையிட்டும் பயனில்லை.

யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் 1986 உலகக் கோப்பை முதல், குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று விதி மாறியது. மற்ற ஆட்டத்தின் முடிவு தெரியாதபோது கணக்குப் போட்டு ஆடுவது கடினம். ஒரு கடிகாரம், பல தண்டனைகள் செய்ய முடியாத வேலையைச் செய்தது.

நீங்கள் நீதிபதியானால்?

எந்தத் தண்டனையைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது யார் மீது விழுகிறது? அது யாரை எந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது? நாளைய ஏமாற்றுக்காரனின் கணக்கை அது மாற்றுகிறதா? இம்மூன்றுக்கும் விடை தேடாமல் 30 என்றும் 9 என்றும் எண்ணைச் சொல்வது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவது போன்றது.

முடிவாக உங்களுக்கு ஒரு பயிற்சி. 2006-07-இல் இரண்டாம் பிரிவில் ஆடிய யுவென்டஸ் களத்தில் 94 புள்ளி பெற்றது. அந்தப் பிரிவில் நபோலி பெற்றது 79, ஜெனோவா 78. யுவென்டஸுக்கு 9 கழித்தால் எந்த இடம்? 17 கழித்தால்? 30 கழித்தால்? மூன்று விடைகளையும் எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் நண்பர் ஒருவரை யுவென்டஸ் ரசிகராகவும், இன்னொருவரைக் கியேவோ ரசிகராகவும் வைத்து வாதாடச் செய்யுங்கள். தீர்ப்பை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.