வட்டவளை ஏற்றமும் குதிரை வலுக் கணக்கும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை மார்க்கமாக ஹட்டனுக்கு மோட்டாரில் பிரயாணஞ் செய்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். கித்துல்கலை வரையில் உல்லாசமாக ஓடிவந்த சின்னஞ்சிறு கார், கினிகத்தேனை ஏற்றத்தில் கால் வைத்ததும் குரல் மாறும். வட்டவளையை எட்டுவதற்குள் அது முனகவே தொடங்கிவிடும். சாரதி மிதியை அடிவரை அழுத்தினாலும் வேகம் கூடாது. பின்னால் வரும் கொழுந்து லொறி பொறுமையிழந்து ஒலி எழுப்பும். “வாங்கும்போது நாற்பத்தெட்டுக் குதிரை வலு என்றார்களே, அந்தக் குதிரைகளெல்லாம் எங்கே போயின?” என்று வண்டிக்குள் இருப்போர் கேட்பது இயல்பே.

இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மலைநாட்டில் கார் வாங்க எண்ணும் ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், சிறு கடை நடத்துபவரும் பல்லாண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்தே அதனை வாங்குகின்றனர். நள்ளிரவில், கொட்டும் மழையில், பிரசவ வேதனையுற்ற மகளை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டிய வண்டியும் அதுவேயாகும். எனவே, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் அந்த ஒற்றை எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று சிறிது ஆராய்வோம்.

குதிரை வலு என்னும் அளவையை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஸ்கொத்லாந்து தேசத்து ஜேம்ஸ் வாட். தம் நீராவி யந்திரத்தை விற்கப் புறப்பட்டவர், அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று சொன்னால்தான் வாங்குபவருக்கு விளங்கும் எனக் கண்டார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் பாரத்தை ஓரடி உயர்த்தும் ஆற்றலே ஒரு குதிரை வலு என்று வகுத்தார். ஆகவே இவ்வளவை பிறக்கும்போதே விற்பனைக்காகப் பிறந்தது எனலாம்! இன்று நம் மாணவர்கள் வலுவைக் கிலோவாற்றில் கணக்கிடுகின்றனர். 100 கிலோவாற்று என்பது ஆங்கிலேய முறையில் 134 குதிரை வலு. ஜப்பானியரும் ஐரோப்பியரும் கையாளும் மெற்றிக் முறையில் 136. ஒரே யந்திரத்துக்கு இரு எண்களைக் காண்போர் மயங்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் மயக்கம் இதனினும் பெரிது. ‘பேபி ஒஸ்டின்’ எனச் செல்லமாக அழைக்கப்பட்ட ஒஸ்டின் செவன் காரின் பெயரிலுள்ள ‘ஏழு’ குதிரை வலுவைக் குறிப்பதே. ஆனால் அது யந்திரத்தை ஓட்டிப் பார்த்து அளந்த எண்ணன்று. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு இங்கிலாந்தில் வரி விதிப்பதற்காகப் போட்ட கணக்கு. யந்திரமோ பத்துக் குதிரை வலுவுக்கு மேல் தந்தது.

இனி நம் தெருக்களில் கண்ட மூன்று யந்திரங்களை எடுத்துக்கொள்வோம். 1962 இல் வந்த மொரிஸ் மைனரின் யந்திரம் 1098 கன சென்ரிமீற்றர் கொண்டது, வலு 48. இந்தியாவிலிருந்து வந்த சுசுக்கி அல்ட்டோ 800 இன் யந்திரம் 796 கன சென்ரிமீற்றர் மட்டுமே. வலு அதே 48. ஜப்பானிய வகன் ஆர் வண்டியின் டர்போ யந்திரமோ 658 கன சென்ரிமீற்றர்தான், வலு 64. ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் முறையே 44, 60, 97 என வரும். அரை நூற்றாண்டில் யந்திரக் கலை அடைந்த வளர்ச்சி இதுவே. சிலிண்டருக்கு இரண்டாக இருந்த வால்வுகள் நான்காயின. காபரேற்றர் போய், மின்னணு மூளை கணக்கிட்டுப் பெற்றோலைப் பீச்சும் முறை வந்தது. யந்திரம் முன்னிலும் வேகமாகச் சுழலவும் கற்றுக்கொண்டது.

ஆயினும் பழைய சாரதிகளைக் கேட்டால், “மலைக்கு மைனர்தான் இழுக்கும்” என்பார்கள். இதனைப் பழமைப் பற்று என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். ஏனெனில் 48 குதிரை வலு என்ற எண்ணை மைனர் நிமிடத்துக்கு 5100 சுழற்சியில் தந்தது. அல்ட்டோ 6000 சுழற்சியில் தருகிறது. வளைவுக்கு வளைவு திரும்பும் வட்டவளைப் பாதையில் எவர் 6000 சுழற்சியில் வண்டியோட்டுவார்? அங்கே பார்க்கவேண்டிய எண் வேறு. அதுவே முறுக்கு விசை. அச்சைத் திருகும் பலம் என்று கொள்ளலாம். மைனரின் உச்ச முறுக்கு விசை 81 நியூற்றன் மீற்றர். அது 2500 சுழற்சியிலேயே கிட்டிவிடும். அல்ட்டோவுக்கு 69, அதுவும் 3500 சுழற்சியில்.

மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கொன்று சொல்வோம். நால்வரோடு 1000 கிலோகிராம் நிறையுள்ள கார், நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறதெனக் கொள்க. நொடிக்கு ஒரு மீற்றர் உயர்கிறது. வேண்டிய வலு 9.8 கிலோவாற்று, அதாவது 13 குதிரை வலு. உராய்வுக்கும் காற்றுத் தடைக்குமாக மூன்றைச் சேர்த்தால் 16. நாற்பத்தெட்டு உள்ள இடத்தில் பதினாறு எம்மாத்திரம்? ஆனால் சாரதி கியரைக் குறைக்கச் சோம்பி 2000 சுழற்சியிலேயே வண்டியை இழுத்துச் சென்றால் நடப்பதென்ன? அப்போது முறுக்கு விசை 60 என்றே வைத்துக்கொள்வோம். முறுக்கு விசையைச் சுழற்சியால் பெருக்கி 7024 ஆல் வகுத்தால் குதிரை வலு வரும்; இங்கே 17. மலைக்காற்று அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது 15, தேவையோ 16! கார் முனகாமல் என் செய்யும்? கீழ்க் கியருக்கு மாற்றி 3500 சுழற்சிக்குக் கொண்டுவந்தால், மலைக்கழிவு போக முப்பது குதிரை வலு கையில் நிற்கும். யந்திரம் இரைவதைக் கேட்டு அஞ்சுவோர் பலர். உண்மையில் இரைச்சலைவிட முனகலே யந்திரத்துக்குக் கேடு.

மலைக்காற்று தின்னும் பங்கு என்றோமே, அது யாது? யந்திரம் பெற்றோலை எரிப்பது காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு. ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலுள்ள வட்டவளையில் காற்று கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்கு ஐதானது. 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கொழும்பில் 48 ஆக இருந்த வலு வட்டவளையில் 43 ஆகவும், நுவரெலியாவில் 40 ஆகவும் இறங்கிவிடும். மலைக் குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கி உதவுவதால்தான் இந்த மட்டில் நின்றது!

டர்போவின் அருமை இங்கேதான் தெரிகிறது. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தால் சிறு விசிறியொன்றைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் செலுத்துவதே டர்போ. காற்று ஐதானாலும் அது சற்றுக் கூடுதலாகச் சுழன்று குறையை ஈடுசெய்யும். டர்போ இல்லாத வகன் ஆருக்கு முறுக்கு விசை 60 அளவில் இருக்க, டர்போ உள்ளதற்கு 100 ஐ நெருங்குகிறது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வாங்குவோர் கேட்டறிதல் நன்று.

ஹைபிரிட் கார்களின் கதை வேறு. டொயோட்டா அக்வாவின் பெற்றோல் யந்திரம் 74 குதிரை வலு. மின் மோட்டார் 61. கூட்டினால் 135 அல்லவா? ஆனால் கம்பனியே சொல்லும் மொத்த எண் 100 தான். மோட்டார் 61 தரவல்லதேயெனினும் பற்றறியால் அவ்வளவு மின்சாரத்தை ஒருசேரத் தர இயலாமையே காரணம். நீண்ட ஏற்றத்தில் அப்பற்றறியும் தணிந்துவிடுமாயின், பெரும்பாரம் அந்த 74 இன் தலையிலேயே விழும். எனினும் நின்ற நிலையிலிருந்து வண்டியைக் கிளப்புவதில் மின் மோட்டாருக்கு நிகரில்லை. அதன் 169 நியூற்றன் மீற்றர் முறுக்கு விசை, சுழலத் தொடங்கும் கணத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இவ்வுண்மை வட்டவளைக்குப் புதிதன்று. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நன்கொடையாக அளித்த 1,425 குதிரை வலு ரயில் யந்திரங்களை நினைவுகூர்க. ‘ஒன்ராரியோ’ முதலான கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கி வந்த அவற்றில், டீசல் யந்திரம் சக்கரத்தை நேரே சுழற்றவில்லை. அது மின்சாரத்தை ஆக்க, மின் மோட்டார்களே சக்கரங்களைச் சுழற்றின. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி உயரும் மலைநாட்டுப் பாதையில் நின்ற ரயிலைக் கிளப்ப அதுவே தக்க வழி.

முழு மின்சாரக் காருக்கு ஐதான காற்று ஒரு பொருட்டன்று. முதற்றலைமுறை நிசான் லீஃப் 109 குதிரை வலுவும் 250 நியூற்றன் மீற்றருக்கு மேற்பட்ட முறுக்கு விசையும் உடையது, வட்டவளையிலும் அதேதான். ஆனால் பாரம் மிகுதி. ஆட்களோடு 1800 கிலோகிராமை ஆயிரம் மீற்றர் உயர்த்த மட்டும் ஏறத்தாழ 5 கிலோவாற்று மணி செலவாகும். புதிதாயிருந்தபோது 24 கிலோவாற்று மணி கொண்ட பற்றறியில் இது ஐந்தில் ஒன்று. பழையதாகித் தேய்ந்த பற்றறியில் பங்கு இன்னும் பெரிது. பழைய மின்சாரக் காரை மலிவென்று வாங்குவோர் குதிரை வலுவைக் கேட்குமுன் பற்றறியின் ஆரோக்கியத்தைக் கேட்க வேண்டும்.

வண்டி எதுவாயினும், வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுதல் தகும். விற்பவர் காட்டும் சமதள ஓட்டம் எதையும் காட்டாது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் தேய்ந்த டயரோடு குதிரை வலுவைப் பேசிப் பயனுமில்லை.

இறக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய சாரதிகளின் வழக்கம். அப்போது யந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறிச் செயலிழக்காது. ஹைபிரிட் கார் இறக்கத்தில் பற்றறியை நிரப்பிக்கொண்டே வரும். நிரம்பியபின் அந்தப் பிடிப்புத் தளரும் என்பதால், கியர்த் தண்டில் ‘பி’ என்ற எழுத்துள்ள நிலைக்கு மாற்றி யந்திரத்தின் பிடிப்பைப் பெறலாம். மின்சாரக் காரிலோ நிறைந்த பற்றறிக்குள் மேலும் மின்சாரம் புகாது. ஆதலால் வட்டவளையில் குடியிருப்போர் காலையில் கித்துல்கலைப் பக்கம் இறங்குவதாயின், இரவில் பற்றறியை முற்றாக நிரப்பாமல் சிறிது இடம் விட்டு வைத்தல் வேண்டும்.