அரிய நோய்க்கு ஒரு பதிவேடு

வகுப்பில் ஆசிரியர் நாள்தோறும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசிக்கிறார். அந்தப் பதிவேடு பாடம் நடத்துவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரியாது. மருத்துவத்திலும் இத்தகைய பதிவேடு உண்டு. அது மருந்து அன்று. ஆயினும் சில நோய்களுக்கு, அது இல்லாமல் மருந்தைச் சோதித்துப் பார்ப்பதே கடினம். அரிய தசை நோய்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏன் இப்படி என்று பார்ப்போம்.

டுஷேன் தசைச்சிதைவு

இந்நோய் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெண்களுக்கு வருவது மிக அரிது. பிறந்தபோது குழந்தை நலமாகவே தோன்றும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அடிக்கடி விழும், படியேறத் திணறும், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழும். பெரும்பாலோர் 12 வயதளவில் நடக்கும் திறனை இழந்துவிடுகின்றனர். பின்னர் இதயத் தசையும், மூச்சுவிட உதவும் தசைகளும் நலிகின்றன. ஸ்டீராய்டு மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் நோயைப் போக்குவதில்லை.

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்நோயை 1868ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார். அதற்கு அவர் திரட்டியவை 13 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளே. நோய்க்குக் காரணமான மரபணு 1986இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதத்துக்கு 1987இல் டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். தசைநார் சுருங்கி விரியும்போது அதன் மேலுறை சிதையாமல் காப்பது இப்புரதமே. இது இல்லாவிட்டால், ஒவ்வோர் அசைவிலும் தசை சிறிது சிறிதாகப் பழுதடைகிறது.

ஓர் எழுத்து விடுபட்டால்?

டிஸ்ட்ரோபின் மரபணு மிகப் பெரியது. அதில் சுமார் 22 லட்சம் எழுத்துகள் உள்ளன. புரதம் செய்வதற்கான குறிப்பு, எக்ஸான் எனப்படும் 79 துண்டுகளில் அடங்கியுள்ளது. செல் இக்குறிப்பை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, மூன்றெழுத்துச் சொற்களால் ஆன ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

அணில் மரம் ஏறிப் பழம் பெறும்.

இரண்டாம் சொல்லில் ‘ர’ என்ற எழுத்து விடுபட்டதாகக் கொள்வோம். மூன்று மூன்றாகவே படித்தால் வருவது இது:

அணில் மம்ஏ றிப்ப ழம்பெ றும்.

ஓர் எழுத்துதான் போயிற்று. அதன் பிறகு எல்லாமே குழம்பிவிட்டது. டுஷேன் நோயில் பெரும்பாலும் நடப்பது இதுவே. ஆனால் எஞ்சிய ‘ம’, ‘ம்’ இரண்டையும் படிக்காமல் தாண்டினால்?

அணில் ஏறிப் பழம் பெறும்.

ஒரு சொல் குறைந்தாலும் பொருள் விளங்குகிறது! இந்த உத்தியையே அறிவியலார் மருந்தாக்கினர். மரபணுவில் விடுபட்ட துண்டை அடுத்துள்ள துண்டையும் செல் தாண்டிப் படிக்குமாறு அம்மருந்து செய்கிறது. குட்டையான, ஆனால் ஓரளவு பயன்தரும் டிஸ்ட்ரோபின் உருவாகிறது.

எந்தத் துண்டைத் தாண்டுவது?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எல்லாச் சிறுவருக்கும் ஒரே இடத்தில் பிழை இல்லை. 51ஆம் துண்டைத் தாண்டச் செய்யும் மருந்து, நூற்றுக்கு 13 அல்லது 14 பேருக்கே பொருந்தும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆண்டுதோறும் 5 லட்சம் ஆண் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், ஓராண்டில் பிறப்பவருள் 100 பேருக்கு இந்நோய் இருக்கலாம். அவர்களுள் இம்மருந்துக்கு உரியவர் 13 அல்லது 14 பேர். அவர்களும் வெவ்வேறு ஊர்களில் இருப்பார்கள். நடக்க முடிந்தவரை மட்டும் சோதனையில் சேர்ப்பதென்றால், எண்ணிக்கை இன்னும் சுருங்கும். ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும், போதிய பேரைத் தாமாகக் காண இயலாது. சிறுவர்களுக்கோ காத்திருக்கக் காலம் இல்லை.

பதிவேடு செய்யும் வேலை

2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ட்ரீட்-என்எம்டி என்ற கூட்டமைப்பு தொடங்கியது. பல நாட்டுப் பதிவேடுகளும் ஒரே கேள்விகளைக் கேட்கும்படி அது ஒழுங்கு செய்தது. பிழை எந்தத் துண்டில் உள்ளது? பிள்ளை நடக்கிறானா? ஸ்டீராய்டு எடுக்கிறானா? இதயமும் மூச்சும் எப்படி உள்ளன? குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே இவை பதியப்படுகின்றன. மரபணுச் சோதனை முடிவை வல்லுநர் சரிபார்க்கிறார். பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணே பொதுத் தொகுப்புக்குச் செல்கிறது. விவரங்களை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். சென்ற ஆண்டு நடந்த பிள்ளை இவ்வாண்டு நடக்காமல் போயிருக்கலாம் அல்லவா?

மருந்துச் சோதனை ஒன்று வரும்போது, தகுதியுள்ளவர் எத்தனை பேர், எந்த நாட்டில் என்பதைத் தொகுப்பு சொல்லிவிடும். அழைப்பு அந்தந்த நாட்டுப் பதிவேட்டின் வழியே குடும்பத்தைச் சென்றடையும். சேர்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்வர்.

2015இல் இத்தொகுப்பிலிருந்த 7,000க்கும் மேற்பட்ட மரபணுப் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். எந்தத் துண்டைத் தாண்டினால் எத்தனை பேர் பயனடையலாம் என்ற கணக்கு அதில் தெளிவாயிற்று.

51ஆம் துண்டுக்கான முதல் மருந்தை 2016இல் அமெரிக்கா ஏற்றது; 2018இல் ஐரோப்பா மறுத்தது. ஏன்? உருவாகும் டிஸ்ட்ரோபின் சிறிதளவே. அதனால் நடை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. இதை அறிய, மருந்து பெறாதவர்களின் நிலை ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டுமே! அதைத் தருவதும் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட பதிவுகளே.

பதிவேட்டுக்கு ஒரு குறையும் உண்டு. மரபணுச் சோதனைக்கு வழியில்லாத குழந்தை அதில் இடம்பெறாது. மருந்துச் சோதனைக்கான அழைப்பும் அதற்குப் போகாது. பெயர் பதிந்தால் மருந்து நிச்சயம் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் பதியப்படாத குழந்தையைத் தேடிச் செல்ல ஆய்வாளருக்கு வழியே இல்லை. ஆகவே, அரிய நோயை வெல்லும் முயற்சியில் ஆய்வுக்கூடத்துக்கு முன்பே வரும் வேலை, விடுபடாமல் எண்ணுவதுதான்.