அப்லோட் பண்ணியாச்சு... பத்திரமா இருக்கா?

ஃபேர்வெல் டே முடிஞ்ச ராத்திரி ஹாஸ்டலில் யாரும் தூங்குவதில்லை. 'மச்சி, அந்த குரூப் போட்டோவை அனுப்புடா', 'ஏய், அதுல நான் கண்ணை மூடியிருக்கேன், போட்டுடாதே!' என்று ரூமுக்கு ரூம் சத்தம். விடிவதற்குள் நானூறு போட்டோ அப்லோட் ஆகி, லைக்கும் கமென்ட்டும் குவிந்திருக்கும். எல்லாம் சரி பாஸ்... பத்து வருஷம் கழிச்சு அந்த நானூறில் எத்தனை உங்க கையில் இருக்கும்? யோசிச்சிருக்கீங்களா?

'அதான் நெட்ல இருக்கே!' என்கிறீர்களா? நானும் இதே டயலாக்தான் சொன்னேன். ஃபைனல் இயர் டூர் போட்டோ மொத்தத்தையும் ஒரு இலவச தளத்தில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டை அழிச்சு ஜூனியரிடம் கொடுத்தாச்சு. அப்புறம் வேலை, ஊர் மாற்றம் என்று நாலு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. எங்க மெஸ்ஸில் பரிமாறிய அண்ணன் இறந்துட்டார்னு தகவல் வந்தது. அவரை நடுவில் நிற்க வெச்சு நாங்க எடுத்த ஒரே ஒரு போட்டோவைத் தேடினேன். பாஸ்வேர்டு மறந்துபோச்சு. அதை மீட்கத் தேவையான மெயில் ஐ.டி.யோ, படிப்பு முடிஞ்சதும் காலாவதி. ம்ஹூம்... கடைசிவரை கிடைக்கவே இல்லை. தளத்தின் மேல் தப்பு சொல்ல முடியாது. சோம்பேறித்தனம் என்னோடது!

என் கதையை விடுங்க. உலகத்துக்கே பாடம் எடுத்த சில கதைகள் இருக்கு. கேளுங்க.

ஒரே வாரத்தில் உடைஞ்ச படங்கள்!

2000-களின் தொடக்கத்தில் சோஷியல் நெட்வொர்க் தளங்களில் போட்டோவுக்கு அவ்வளவாக இடம் கிடையாது. அதனால் மக்கள் 2003-ல் ஆரம்பித்த போட்டோபக்கெட் மாதிரியான தளத்தில் படத்தை ஏற்றி, அது தரும் லிங்க்கை மட்டும் மைஸ்பேஸிலோ, இ-பே விற்பனைப் பக்கத்திலோ ஒட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் படம் அங்கேயே இருப்பது போலத் தெரியும். நிஜத்தில் அது இருப்பது போட்டோபக்கெட்டின் கம்ப்யூட்டரில்தான்!

2017 ஜூன் கடைசியில் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. 'உன் படம் வேற தளத்தில் தெரியணுமா? வருஷத்துக்கு 399.99 டாலர் எடுத்து வை' என்று ஒரே போடு! காசு கட்டாதவர்களின் படம் இருந்த இடத்தில் எல்லாம், 'அப்கிரேடு பண்ணுங்க' என்று சொல்லும் ஒரு மீட்டர் படம் வந்து உட்கார்ந்தது. பொருள் விற்றவர்களின் பக்கங்கள் காலி. பழைய காரை எப்படிப் பிரிச்சு மாட்டுவது என்று படம் படமாக விளக்கியிருந்த பாடங்களும் காலி. ஊரே திட்டியது. 2018-ல் நிறுவனம் இறங்கிவந்து கட்டணத்தைக் குறைத்தது. ஆனால், அதற்குள் பல பேர் மூட்டையைக் கட்டியிருந்தார்கள்.

கேமில் பிறந்த ஃபிளிக்கர்!

கனடாவின் வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் ஒரு ஆன்லைன் கேம் செய்ய உட்கார்ந்தார்கள். கேம் ஓடவில்லை. அதற்காகச் செய்த போட்டோ ஷேரிங் வசதி மட்டும் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு! 2004 பிப்ரவரியில் அதுதான் ஃபிளிக்கர் ஆனது. (இதே பட்டர்ஃபீல்டு பிறகு இன்னொரு கேம் செய்து, அதுவும் ஊத்திக்கிட்டு, அதிலிருந்து கிடைச்சதுதான் ஸ்லாக். அரியர் வெச்சவங்க மனசைத் தேத்திக்கலாம்!)

2005-ல் ஃபிளிக்கரை யாஹூ வாங்கியது. 2013-ல் 'ஆளுக்கு 1 டி.பி. இடம் ஃப்ரீ' என்று அள்ளிக் கொடுத்தது. 2018-ல் கை மாறி ஸ்மக்மக் நிறுவனத்திடம் போனதும், 'இலவசக் கணக்குக்கு 1,000 படம் மட்டும்தான்' என்றார்கள். கெடு கொடுத்து, 2019-ல் மிச்சத்தை அழிக்க ஆரம்பித்தார்கள்.

நூலிழையில் தப்பிய போட்டோ!

2009 ஜனவரி 15. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்குகிறது. உள்ளே இருந்த 155 பேரும் உயிர் தப்பினார்கள். உதவப் போன படகில் இருந்த ஒரு பயணி, செல்போனில் அதைக் கிளிக்கி ட்விட்பிக்கில் ஏற்றினார். உலகமே பார்த்த போட்டோ அது! அப்போ ட்விட்டரில் நேரடியாகப் படம் போடும் வசதி கிடையாது. 2011-ல் ட்விட்டரே அந்த வசதியைத் தந்தது. 2014-ல் ட்விட்பிக், கடையை மூடுவதாகச் சொன்னது. கோடிக்கணக்கான படங்கள் அவ்வளவுதான் என்று இருந்த கடைசி நேரத்தில், அந்தப் பழைய படங்களைப் பாதுகாக்க ட்விட்டர் முன்வந்தது.

ஏன் இப்படிப் பண்றாங்க?

கணக்கு ரொம்ப சிம்பிள். நீங்க ஒரு படத்தை ஏற்றுவது ஒரே ஒரு தடவை. ஆனால், அதைக் காப்பாற்ற அவர்களுக்கு மாசாமாசம் செலவு. ஹார்ட் டிஸ்க், கரன்ட், அதைக் குளிர வைக்க ஏ.சி. எல்லாம் காசு! விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றால், உங்க படத்தை லிங்க் வழியாக வேறு தளத்தில் பார்ப்பவர் இவர்களின் விளம்பரத்தைப் பார்ப்பதே இல்லை. செலவு இவருக்கு, கூட்டம் அவருக்கு! அதனால், ஆரம்பத்தில் 'எல்லாம் ஃப்ரீ' என்று கூப்பிடுகிற கடை, ஒருநாள் பில்லை நீட்டத்தான் செய்யும்.

அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆலன் ஷாஃப் என்ற மாணவர், 2009-ல் தொந்தரவில்லாமல் படம் பகிர ஆரம்பித்ததுதான் இம்கர். உங்க வயசுப் பையன் உருவாக்கிய அந்தத் தளம்கூட, 2023-ல் கணக்கு இல்லாமல் ஏற்றிய, யாரும் பார்க்காத பழைய படங்களை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2015-ல் 'எவ்வளவு வேணும்னாலும் போடுங்க' என்று வந்த கூகுள் போட்டோஸும், 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களை மெயில், டிரைவுக்கும் சேர்த்துத் தரும் 15 ஜி.பி. இலவச இடத்தின் கணக்கில் சேர்த்துவிட்டது.

அப்போ போட்டோ ஷேர் பண்ணவே கூடாதா? யார் சொன்னா? தாராளமா பண்ணுங்க. ஆனா, இந்த அஞ்சு விஷயம் மறக்காதீங்க.

ஒண்ணு, ஷேர் பண்றது வேற, சேர்த்து வைக்கிறது வேற. சோஷியல் மீடியாவிலும் சாட்டிலும் போகும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டுத்தான் போகும். ஒரிஜினலை அழிக்காதீங்க. வாட்ஸ்அப்பில் ஒரிஜினல் வேணும்னா, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்க.

ரெண்டு, '3-2-1' ஃபார்முலா. மூணு காப்பி, ரெண்டு வகையான சாதனம், அதில் ஒண்ணு வேற இடத்தில். லேப்டாப்பில் ஒண்ணு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒண்ணு, நெட்டில் ஒண்ணு. முடிஞ்சது! பென் டிரைவை மட்டும் நம்பாதீங்க. அது தொலையவே பிறந்தது.

மூணு, காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யில் போட்டோ கணக்கு தொடங்கினால், கோர்ஸ் முடிஞ்சதும் சாவி போயிடலாம். சொந்த ஐ.டி.க்கு மாறுங்க. வருஷத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய், மொத்தத்தையும் டவுன்லோடு பண்ணிக்குங்க. கூகுளில் அதற்கு 'டேக்அவுட்' என்றே ஒரு வசதி இருக்கு.

நாலு, போட்டோவுக்குள் ரகசியம் இருக்கு! எந்த கேமரா, எந்த நேரம், லொகேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பது வரை 'எக்ஸிஃப்' தகவலாகப் பதிவாகும். ஆன்ட்டி வைரஸ் உலகின் பெரிய தலை ஜான் மெக்கஃபி, 2012-ல் தலைமறைவாக இருந்தபோது ஒரு பத்திரிகை வெளியிட்ட போட்டோவில் இருந்த இந்தத் தகவல்தான், அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. அவருக்கே அப்படின்னா, நாம எம்மாத்திரம்? அதேபோல, ஃப்ரெண்டோட படத்தைப் போடும் முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. முக்கியமா, தோழிகளோட படத்தை!

அஞ்சு, நானூறில் நல்லதா இருபதைப் பொறுக்கி பிரின்ட் போடுங்க. பின்னாடி யார் யார்னு பேரெழுதி வைங்க. இதுக்கு பாஸ்வேர்டே வேண்டாம்.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. குரூப் போட்டோவில் இன்னிக்கு நீங்க பார்ப்பது உங்க முகத்தைத்தான். ஆனா, ஒருநாள் ஓரத்தில் நிற்கிற மெஸ் அண்ணனையோ, லேப் அட்டெண்டரையோ, பேசாமல் பிரிஞ்ச நண்பனையோ தேடுவீங்க. அன்னிக்கு அவங்க அங்கே இருக்கணும்.

என்ன மக்களே, ஹார்ட் டிஸ்க் ரெடியா?