மூளை தானே தயாரிக்கும் மயக்கமருந்து

குட்டி போட்ட சுண்டெலி கூடு கட்டும். பஞ்சையும் துணுக்குகளையும் இழுத்துவந்து குவிக்கும், சிதறிய குட்டிகளைக் கவ்விவந்து நடுவில் சேர்க்கும், அவற்றின் மேல் படுத்துச் சூடு கொடுக்கும். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேமி மகுவயர் என்ற நரம்பியல் ஆய்வாளர் கவனித்த சில தாய் எலிகளோ இந்த வேலைகளில் அக்கறை காட்டவில்லை. குட்டிகள் கூண்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. பல குட்டிகள் பிழைக்கவில்லை. சில தாய்கள் பெற்ற குட்டிகளையே தின்றுவிட்டன.

குட்டி போடாத காலத்தில் இதே வகை எலிகளிடம் இப்படிப்பட்ட கோளாறு எதுவும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழானது. மற்ற எலிகளிலிருந்து இவை வேறுபட்டது ஒரே விஷயத்தில்தான்: மூளையிலுள்ள ஒரு புரதம், ‘டெல்டா’ என்ற துணையலகு, இவற்றுக்குக் குறைவாக இருந்தது அல்லது அறவே இல்லை. மகுவயரும் அவருடைய வழிகாட்டி இஸ்த்வான் மோடியும் 2008இல் ‘நியூரான்’ ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். பேறுகால மனச்சோர்வு பற்றிய பேச்சு அதன்பின் ஹார்மோன் அளவுகளை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

டெல்டா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளையின் நரம்பணுக்களைக் கட்டுப்படுத்தி அமைதியாக வைத்திருக்கும் முக்கியமான வேதிப்பொருளுக்கு காபா என்று பெயர். மூளையில் அது இருப்பதை 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் அறிவித்தார். நரம்பணுவின் மேலுறையில் காபா வந்து அமரும் ஏற்பி ஐந்து துணையலகுகள் வட்டமாகச் சேர்ந்து உருவானது. நடுவில் ஒரு துளை. காபா அமர்ந்ததும் துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு கிளர்ச்சியடைவது கடினமாகும். மனித உடலில் இந்தத் துணையலகுகள் 19 வகை. எந்த ஐந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணமே மாறிவிடும்.

பெரும்பாலான ஏற்பிகள் இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் இருந்துகொண்டு, காபா கொட்டும் கணத்தில் மட்டும் திறந்து மூடும். டெல்டா உள்ளவை அந்தச் சந்திப்புக்கு வெளியே இருக்கின்றன. சுற்றுப்புறத்தில் கசிந்து கிடக்கும் மிகச் சொற்பமான காபாவே அவற்றுக்குப் போதும். முதல் வகையை மடை திறந்து பாய்ச்சும் தண்ணீர் என்றால், இரண்டாவது சொட்டுநீர்ப் பாசனம். இந்த ஓயாத மெல்லிய அடக்கம் மூளையின் பொதுவான பதற்ற அளவையே தீர்மானிக்கிறது. நியூரோஸ்டீராய்டுகள் என்ற மூளை ஸ்டீராய்டுகளுக்கு மிக எளிதில் மசிகிறவையும் இந்த டெல்டா ஏற்பிகள்தான்.

ஸ்டீராய்டு என்றதும் ஆஸ்துமா மாத்திரையோ உடற்பயிற்சிக் கூடத்து ஊசியோ நினைவுக்கு வரலாம். கதை அதைவிடப் பழையது. மன அழுத்த ஆய்வுகளுக்காகப் பின்னாளில் புகழ்பெற்ற ஹான்ஸ் செல்யே, புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களை அதிக அளவில் செலுத்தினால் எலிகள் மயங்கிவிடுகின்றன என்று 1941இல் மான்ட்ரியலில் இருந்து எழுதினார். அதன் வழியே 1970களில் பிரிட்டனில் ‘ஆல்தெசின்’ என்ற ஸ்டீராய்டு மயக்கமருந்து அறுவை அரங்குகளுக்கு வந்தது. அதைக் கரைக்கப் பயன்படுத்திய, ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்ததால் 1984இல் திரும்பப் பெறப்பட்டது. பழி கரைப்பானுடையது, மருந்தின் மூலப்பொருளான அல்ஃபாக்சலோன் இன்றும் நாய், பூனைகளுக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படுகிறது.

இடையில் பாரிஸில் இன்னொரு திருப்பம். அட்ரினல் சுரப்பியையும் பாலினச் சுரப்பிகளையும் நீக்கிய எலிகளின் மூளையிலும் சில ஸ்டீராய்டுகள் தொடர்ந்து இருப்பதை எத்தியென்-எமீல் போலியூ குழு கண்டது. அப்படியானால் அவற்றைத் தயாரிப்பது மூளைதானே! 1981இல் அவர் அவற்றுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயர் வைத்தார். அவை காபா ஏற்பியை நேரடியாக முடுக்கிவிடுகின்றன என்று மரியா மயெவ்ஸ்கா, ஸ்டீவன் பால் முதலியோர் 1986இல் காட்டினார்கள். நம் தலைக்குள்ளேயே ஒரு மயக்கமருந்துப் பட்டறை நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

அந்தப் பட்டறையின் முதன்மைச் சரக்கு அல்லோபிரெக்னனோலோன். புரோஜெஸ்டிரோனிலிருந்து இரண்டு நொதிகள் இதை உருவாக்குகின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இதன் அளவு உச்சத்துக்குப் போய், பிரசவமானதும் மளமளவென்று சரிகிறது. கர்ப்பம் முழுக்க இவ்வளவு அடக்கம் தாங்காது என்பதால் எலியின் மூளை டெல்டா ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. குட்டிகள் பிறந்ததும் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மகுவயரின் எலிகளால் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க முடியவில்லை. டெல்டா ஏற்பிகளைத் தூண்டும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது தாய்களின் நடத்தை தேறியது, குட்டிகளும் கூடுதலாகப் பிழைத்தன.

எலிக்குச் சரி, மனிதருக்கு? அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் நடந்து 2000இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இங்கே மிகவும் பொருந்துகிறது. முன்பு பேறுகால மனச்சோர்வு கண்ட 8 பெண்கள், காணாத 8 பெண்கள். இரு தரப்புக்கும் கர்ப்பகாலத்தை நினைவூட்டும் அளவுக்கு ஹார்மோன்களைக் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். முதல் தரப்பில் 5 பேருக்கு மனநிலை கெட்டது; இரண்டாம் தரப்பில் ஒருவருக்கும் இல்லை. ஹார்மோன் சரிவு எல்லோருக்கும் ஒன்றுதான். அதை ஏற்கும் மூளைதான் வேறு. “எல்லாப் பெண்களும்தான் பிள்ளை பெறுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்பவர்கள் இந்த ஒரு ஆய்வையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அல்லோபிரெக்னனோலோனையே மருந்தாக்கிய ‘பிரெக்சனோலோன்’ 2019 மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்றது. பேறுகால மனச்சோர்வுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து அது. வாரக்கணக்கில் அல்ல, 60 மணி நேரத்திலேயே பலன் தெரிந்தது. ஆனால் அந்த 60 மணி நேரமும் மருத்துவமனையில் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. மருந்தின் விலை மட்டும் சுமார் 34,000 டாலராக இருந்தது. சோதனை முடிவையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு சோதனையில் மனச்சோர்வு மதிப்பெண் மருந்து பெற்றவர்களிடம் 17.7 முதல் 19.5 புள்ளி வரை குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களிடமும் 14 புள்ளி குறைந்தது. மருந்து வேலை செய்கிறது, அதிசயம் அல்ல.

2023 ஆகஸ்டில் அதன் மாத்திரை வடிவத் தம்பி ‘சுரனோலோன்’ வந்தது. 14 நாள், மாலையில், கொழுப்புள்ள உணவோடு ஒரு வேளை. தூக்கக் கலக்கம் தரும் என்பதால் விழுங்கிய 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. பிரெக்சனோலோன் விற்பனையை அதன் தயாரிப்பு நிறுவனம் 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது.

மருந்து உடலைவிட்டுப் போன பிறகும் பலன் ஒரு மாதம் வரை நீடிப்பது ஏன்? இப்போது பாஸ்டனிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்தும் மகுவயர் இந்தப் புதிரைத்தான் துருவுகிறார். அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா பகுதியின் மின் தாளத்தை அல்லோபிரெக்னனோலோன் மாற்றியமைக்கிறது என்று அவர் குழு காட்டியிருக்கிறது. நாள்பட்ட மன அழுத்தம் எலியின் அமிக்டலாவில் நியூரோஸ்டீராய்டு தயாரிக்கும் நொதிகளையே குறைத்துவிடுகிறது என்பது 2023இல் வெளியான முடிவு.

பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமின்மை, வெறுமை, குழந்தையிடம் ஒட்டாத மனம் என்று தொடர்ந்தால் அது மருத்துவம் கேட்கும் நோய். 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலில் இருப்பவை 10 கேள்விகள்தான், தமிழிலும் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு தாய் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அல்லது இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416ஐ அழையுங்கள்.