எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா?

சஜ்தாவிலிருந்து நிலைக்கு வரும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களை எல்லா மஹல்லாவிலும் பார்க்கலாம். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்குவது இதற்குக் காரணமாக இருக்கலாம். தஹஜ்ஜுதுக்கோ சிறுநீர் கழிக்கவோ இருட்டில் எழுபவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வீடே முடங்கிப்போகும்.

உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியாமல் போகலாம். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களில் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் இந்தக் கோளாறுதான். டாக்டர் அவசரத்தில் இருந்தாலும், நிற்க வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நெடுநாள் சர்க்கரை, பேதி, நோன்பில் உடம்பில் தண்ணீர் குறைவது, இவற்றில் எதுவும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாச் சீட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை வேளையை மாற்றுவது பற்றி ரமலானுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டிலில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழ வேண்டும். சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். உப்பைக் கூட்டச் சொல்வார்கள். இருதய, சிறுநீரக நோயாளிகளும் பிரஷர் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது. நாற்காலிக்கு வெட்கப்படும் வாப்பாமாருக்குப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லுங்கள்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.