எண்ணெய் தின்னும் நுண்ணங்கிகள்

எங்கள் வாப்பா ஹட்டனில் சிறிய கராஜ் வைத்திருக்கிறார். கொழுந்து லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் திருத்த வரும். கழற்றிய பழைய எஞ்சின் ஒயிலில் கொஞ்சம் எப்படியும் கானுக்குள் போய்விடும். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். "மண்ணில் இருக்கிற கிருமி அதைத் தின்றுவிடும் மகள். டீவியில் சொன்னார்கள்" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் அது சரியா என்று தேடிப் பார்த்தேன்.

வாப்பா சொன்னது பாதி உண்மை. பெற்றோலியத்தில் பெரும்பகுதி காபனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வைகள். கடலில் வாழும் அல்கனிவோராக்ஸ், மண்ணில் வாழும் சில சூடோமோனாஸ் வகைகள் போன்ற பற்றீரியாக்களுக்கு அவை உணவு.

ஆனால் எண்ணெய் நீரில் கரையாதே, எப்படித் தின்னும்? உம்மா கறிச்சட்டி கழுவும்போது சவர்க்காரம் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கிறது அல்லவா? இப்பற்றீரியாக்களில் பல அதுபோன்ற ஒரு பொருளைத் தாமே சுரக்கின்றன. அத்துடன் சீனி மூலக்கூறுகள் கோத்த ஒரு வழுவழுப்பையும் சுரக்கின்றன. ஆற்றுக் கல்லில் கால் வழுக்குவதும், காலையில் பல்லில் ஒட்டியிருப்பதும் இத்தகைய படலமே. அது அவற்றை எண்ணெய்த் துளியோடு ஒட்டவைக்கிறது. உலர்ந்துபோகாமலும் நஞ்சு தாக்காமலும் காக்கிறது. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது, இவ்வழுவழுப்பில் எண்ணெயும் அழுக்கும் சிக்கி, பனித்துகள் போலக் கடலடிக்கு இறங்கின.

மறுபாதி என்ன? இவற்றுக்கு எண்ணெய் மட்டும் போதாது. ஒட்சிசன், நைதரசன், பொசுபரசு ஆகியனவும் வேண்டும். 1989இல் அலாஸ்காவில் எண்ணெய் படிந்த கரைகளுக்குத் தேயிலைக்குப் போடுவதுபோல உரம் போட்டார்கள். நிலத்தடியில் ஒட்சிசன் குறைவு. வேலை மிக மெதுவாகவே நடக்கும். யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணிலுள்ள கிருமிகள் அந்தக் கிணறுகளைக் காப்பாற்றவில்லை.

பழைய ஒயிலில் உலோகத் துணிக்கைகளும் உண்டு. அவற்றை எந்தப் பற்றீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. எங்கள் மலைக்குளிரில் அவற்றின் வேகமும் குறையும்.

எங்கள் கான் போய்ச் சேர்வது கீழே உள்ள ஓடையில். லயத்து மக்கள் அங்கேதான் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். இதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் கராஜ் மூலையில் மூடியுடன் ஒரு பீப்பாய் இருந்தது.

நுண்ணங்கிகள் தம் வேலையைச் செய்யும். நம் வேலையையும் அவற்றின் தலையில் சுமத்தக் கூடாது.