மீனுக்கு விலை சொல்வது யார்?

குட்டீஸ்! கடையில் பென்சில் வாங்கினால் விலை சொல்பவர் யார்? கடைக்காரர்தானே! ஆனால், உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போய் வரும் மீனவர், தான் பிடித்த மீனுக்குத் தானே விலை சொல்வது அபூர்வம். ஏன் தெரியுமா?

படகு கரைக்கு வந்ததும் மீனை மணலில் கொட்டிக் கூறு கட்டுவார்கள். உடனே ஏலம் தொடங்கிவிடும். "ஐந்நூறு... ஐந்நூற்றைம்பது... அறுநூறு..." என்று ஏலக்காரர் மூச்சு விடாமல் கூவுவார். ஐஸ் பெட்டியோடு வந்த வியாபாரி, வெளியூருக்கு லாரியில் அனுப்புபவர், தெருத்தெருவாய்க் கூடையில் விற்கும் மீன்காரம்மா எல்லாரும் சுற்றி நிற்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கூறு கைமாறிவிடும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? மத்தி மாதிரி மீன்கள் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே கெட்டுவிடும். 'விலை போதாது, நாளைக்கு விற்கிறேன்' என்று மீனவரால் சொல்ல முடியாது. அது வாங்குபவருக்கும் நன்றாகத் தெரியும்!

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. 1997 ஜனவரி 14. நம் ஊரில் பொங்கல் சமயம். கேரளாவின் வடகரை கடற்கரையில் 11 மீனவர்கள் மீனோடு வந்து இறங்கினார்கள். வாங்க ஆளே இல்லை! பிடித்த மீனைக் கொட்டிவிட்டுத்தான் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் 15 கிலோ மீட்டர் தூரத்துக்குள் இருந்த மற்ற மீன் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் காத்திருந்தார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்!

அந்தப் பகுதிக்கு 1997 முதல் 2001க்குள் செல்போன் வந்தது. கோபுரங்கள் கரையோரம் இருந்ததால், கடலில் 20 கிலோ மீட்டர் தாண்டியும் சிக்னல் கிடைத்தது. மீனவர்கள் படகில் இருந்தபடியே பல ஊர் வியாபாரிகளுக்குப் போன் செய்து, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை வாரா வாரம் கணக்கெடுத்து, 2007ல் வெளியிட்டார். மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. மக்கள் வாங்கும் மத்தியின் விலையோ 4 சதவீதம் குறைந்தது. மீனை வீணாகக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லையே! கையில் போன் இருந்தும், பல ஊர்களில் மீனவர்கள் வேறு கரைக்குப் போக முடிவதில்லை. காரணம், கடன்!

படகு, வலை, இன்ஜின் வாங்க நிறையப் பணம் வேண்டும். வங்கியில் ஈடு கேட்பார்கள். ஏலக்காரரோ வியாபாரியோ எதுவும் கேட்காமல் முன்பணம் தருவார். சில இடங்களில் வட்டிகூட இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பிடிக்கும் மீன் முழுவதும் அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும். விற்ற தொகையில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார்.

நோட்டும் பேனாவும் எடுங்கள், ஒரு கணக்குப் போடலாம். கடன் 1 லட்சம் ரூபாய் என்றும், பங்கு 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். தினமும் 2,000 ரூபாய்க்கு மீன் விற்றால், வியாபாரிக்கு 200 ரூபாய். வருடத்துக்கு 200 நாள் தொழில் என்றால் 40,000 ரூபாய். மூன்று வருடத்தில் 1,20,000 ரூபாய் போய்விடும். கடனோ? அதே 1 லட்சம், அப்படியே நிற்கும்! ஏனென்றால் அந்தப் பங்கு கடனில் கழியாது.

உடனே வியாபாரியை சினிமா வில்லனாக நினைத்துவிடாதீர்கள். புயல் அடித்து வாரக்கணக்கில் கடலுக்குப் போக முடியாதபோது, வீட்டில் அரிசி வாங்கப் பணம் தருபவர் பெரும்பாலும் அவர்தான். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். எந்த வங்கியின் கதவைத் தட்ட முடியும்? அவருக்கும் ஆபத்து உண்டு. படகு உடைந்தால் அவர் கொடுத்த பணமும் போச்சு. மீன்காரம்மாக்கள் பலரும் இவர் மாதிரி ஒருவரிடம் கடன் சொல்லித்தான் அன்றைய மீனை எடுக்கிறார்கள்.

சரி, வேறு வழியே இல்லையா? கேரளாவிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மீனவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊருக்கு ஒரு சங்கம் அமைத்து, ஏலத்தைத் தாங்களே நடத்தினார்கள்! சங்கத்தின் ஆள் ஏலம் விடுவார். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி கடனுக்கும், ஒரு சிறு பகுதி சேமிப்புக்கும் போகும். இங்கே பிடிக்கும் பணம் கடனில் கழியும் என்பதுதான் பெரிய வித்தியாசம். இப்படிப்பட்ட சங்கங்கள் கைகோத்து உருவானதுதான், 1980ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. ஆனாலும் எல்லா ஊரிலும் சங்கம் நிலைக்கவில்லை. மீன் விற்ற காசு உடனே கையில் வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால், கால்கள் பழைய வியாபாரியிடம்தானே போகும்!

விடுமுறையில் கடற்கரை ஊருக்குப் போனால், காலையில் ஏலம் நடக்கும் இடத்துக்கு அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஏலம் முடிந்ததும் கவனியுங்கள். மீனவர் கையில் பணம் வருகிறதா, அல்லது யாரோ ஒருவர் சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொள்கிறாரா?